பெரும்பான்மை முடிவெடுத்தால் போதுமா? இலங்கையின் பழைய அரசியலமைப்பில் இருந்த 29ஆம் பிரிவை வைத்து ஒரு விளக்கம்

ஜனநாயகம் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும், அதிகம் பேர் எதைச் சொல்கிறார்களோ அது நடக்கும் என்பார்கள். தப்பில்லை. தேர்தலும் நாடாளுமன்றமும் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானமும் கடைசியில் தலையை எண்ணிப் பார்ப்பதில்தான் வந்து நிற்கின்றன. ஆனால் இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு கேள்வி தொக்கி நிற்கும். நூறு பேர் இருக்கிற நாட்டில் எழுபது பேர் சேர்ந்து, மிச்ச முப்பது பேர் அரசு அலுவலகத்தில் தங்கள் மொழியில் ஒரு மனுக்கூடக் கொடுக்க முடியாதபடி ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தால், அதுவும் ஜனநாயகம்தானா?

"ஆமாம், பெரும்பான்மை முடிவுதானே, ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்" என்று எழுதுகிறவர்களை இணையத்தில் தினமும் பார்க்கிறேன். இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் இல்லை என்பதை, அரசியல் பாடம் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், தேர்தலில் தோற்றவர் ஏன் அந்த முடிவை ஏற்றுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகிறார்? அடுத்த முறை ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். தமிழ்நாட்டில் 1967இல் காங்கிரஸ் தோற்றது, பத்து வருஷம் கழித்து திமுக தோற்றது, 1989இல் அதே திமுக திரும்பி வந்தது, இரண்டே வருஷத்தில் மறுபடி தோற்றது. விலைவாசி ஏறினால், ஊழல் கண்ணை உறுத்தினால் ஜனங்கள் மனசு மாறி அடுத்த கட்சிக்குப் போடுவார்கள். இன்றைய சிறுபான்மை நாளைய பெரும்பான்மை ஆகலாம் என்ற வழி திறந்திருக்கும் வரைக்கும் பெரும்பான்மை ஆட்சி நியாயமான ஏற்பாடுதான், அதைவிட நல்லதை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவுமில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஓட்டு கொள்கையை வைத்துப் பிரியாமல் பிறப்பை வைத்துப் பிரியும்போது. மொழி, மதம், இனம், சாதி இவற்றில் ஒருவர் அடுத்த தேர்தலுக்குள் மனசு மாறி வேறொன்றாகப் பிறந்துவிட முடியாது. அம்பேத்கர் 1945இல் ஓர் உரையில் இதைத்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: அரசியல் பெரும்பான்மை என்பது பேசிப் பழகி உருவாக்கப்படுவது, இந்தியாவில் இருக்கும் சமூகப் பெரும்பான்மையோ பிறக்கும்போதே வந்துவிடுவது. அப்படிப் பிறப்பால் வந்த பெரும்பான்மைக்கு எதிரே நிற்கும் சமூகம் ஒவ்வொரு தேர்தலிலும் தோற்கும், அதன் பேரப்பிள்ளைகளும் தோற்பார்கள். அவர்களிடம் போய் "அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விவாதம் திசை தப்பிவிடும். எண்ணிக்கையில் குறைந்த ஒவ்வொரு கூட்டத்தின் எல்லா நலனையும் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஜமீன்தார்கள்கூட எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான்; ஜமீன் ஒழிந்தது அவர்களுக்கு நஷ்டம்தான். பணக்காரர்களுக்கு வரி கூட்டினால் அவர்களுக்கும் வருத்தம் இருக்கும். அதெல்லாம் சாதாரண அரசியல் தோல்வி. நாம் பேசுவது வேறு வகை: ஓட்டுரிமை, குடியுரிமை, வழிபாடு, சொந்த மொழியில் படிப்பதும் அரசோடு பேசுவதும், வேலையில் சமவாய்ப்பு. இவை போனால் ஒருவர் அந்த நாட்டில் முழு மனிதராக நின்று அடுத்த தேர்தலில் போட்டியிடுவதே முடியாமல் போய்விடும்.

சரி, இதற்குக் காப்பு என்ன? "அரசியலமைப்புச் சட்டத்தில் எழுதி வைத்துவிடலாம், மீறினால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். நல்ல பதில், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இலங்கையில் 1931இலேயே வயது வந்த ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டது. அப்போதிருந்தே தமிழ்த் தலைவர்களுக்கு ஒரு பயம். சிங்களவர் ஏறத்தாழ 70 சதவீதம், அப்படியிருக்க வெறும் தலை எண்ணிக்கையில் நாடு போனால் மற்றவர்கள் கதி என்ன? ஜி. ஜி. பொன்னம்பலம், இலங்கைக்கு அரசியலமைப்பு வகுக்கப் பிரிட்டன் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு முன் "ஐம்பதுக்கு ஐம்பது" கேட்டார். அதாவது சட்டசபையில் பாதி இடம் சிங்களவருக்கு, பாதி மற்ற எல்லாச் சமூகங்களுக்கும் சேர்த்து. ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாகக் கிடைத்தவற்றில் முக்கியமானது, 1946 அரசியலமைப்பில் வந்த 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு.

படிக்க அருமையான பிரிவு அது. எந்த மதத்தின் வழிபாட்டையும் நாடாளுமன்றம் தடுக்க முடியாது, மற்றவர்கள் மேல் போடாத கட்டுப்பாட்டை ஒரு சமூகத்தின் மேல் மட்டும் போட முடியாது, மற்றவர்களுக்குக் கொடுக்காத சலுகையை ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுக்கவும் முடியாது. மீறிப் போட்ட சட்டம் செல்லாது. 1964இல் ஒரு வழக்கில், அப்போது இலங்கையின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், இந்தப் பிரிவு இலங்கை மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் அடிப்படை என்றும் அந்த அரசியலமைப்புக்குள் இருந்துகொண்டு இதை மாற்றவே முடியாது என்றும்கூடச் சொன்னது. காகிதத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

இனி நடந்ததைப் பாருங்கள்.

சுதந்திரம் வந்தது 1948 பிப்ரவரியில். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. நீ இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, உன் தந்தையும் இங்கே பிறந்தவர், அல்லது தந்தைவழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்பதுதான் நிபந்தனை. எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே என்று தோன்றும். ஆனால் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து அறையில் குடியிருந்த, தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்ட ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தை எங்கே பிறந்தார் என்பதற்கு அவர் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டுவார்? லட்சக்கணக்கான மலையகத் தமிழர் ஒரே அடியில் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடியுரிமை இருந்தால்தான் ஓட்டு என்றார்கள். 1947 நாடாளுமன்றத்தில் மலையகத் தமிழ் உறுப்பினர்கள் இருந்தார்கள். 1952 தேர்தலில் ஒருவர்கூட வரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 1946இல் தொகுதிகளை வரைந்தபோது அந்தத் தொழிலாளர்களின் தலைகளையும் எண்ணித்தான் மலைநாட்டுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கியிருந்தார்கள். ஆள் கணக்கு அவர்களுடையது, ஓட்டு வேறொருவருடையது.

நீதிமன்றம் என்ன செய்தது? ஒரு வாக்காளரின் வழக்கு பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1953இல் வந்த தீர்ப்பு: யார் குடிமகன் என்று தீர்மானிப்பது எந்த நாடாளுமன்றத்துக்கும் உள்ள இயல்பான வேலை, இது எந்தச் சமூகத்துக்கும் எதிரான சட்டம் இல்லை. சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தார்கள், அது யார் தலையில் போய் விழுகிறது என்பதைப் பார்க்க மறுத்துவிட்டார்கள். சிறுபான்மைப் பாதுகாப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிற எவரும் மனசில் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. பாகுபாடு செய்யும் சட்டம் பெரும்பாலும் சமத்துவமான மொழியில்தான் எழுதப்பட்டிருக்கும்.

அடுத்தது 1956, தனிச்சிங்களச் சட்டம். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தேர்தலில் சொல்லி ஜெயித்தார், சொன்னபடியே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டார். ஜனநாயக முறைப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அப்போது விடுத்த எச்சரிக்கை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது: இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு.

இந்தச் சட்டம் ஒரு மனிதர் மேல் எப்படி இறங்கியது என்பதைக் கோடீஸ்வரன் வழக்கில் பார்க்கலாம். அவர் அரசாங்க எழுதுவினைஞர் (குமாஸ்தா), தமிழர். 1962இல் அவருக்கு வர வேண்டிய வருடாந்தச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் அவர் தேறியிருக்கவில்லை என்பதுதான் காரணம். வேலையில் சேர்ந்தபோது இல்லாத நிபந்தனை இது, சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குச் சுமையே இல்லாத நிபந்தனை. தனிச்சிங்களச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரண் என்று வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் சொன்னது சரி என்றது. பெரிய தீர்ப்பு அது, தாக்குப்பிடித்திருந்தால் சட்டமே விழுந்திருக்கும். 1967இல் உச்ச நீதிமன்றம் மூலக் கேள்விக்குள் போகாமல், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்கே போட முடியாது என்று சொல்லித் தள்ளிவிட்டது. பிரிவி கவுன்சில் 1969இல் அந்தத் தீர்ப்பைத் தப்பென்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதை முடிவுசெய்யுங்கள் என்று கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அந்த முடிவு வரவே இல்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போகும் வழியையே மூடினார்கள், 1972இல் 29ஆம் பிரிவே இல்லாத புதிய அரசியலமைப்பு வந்தது.

"மாற்றவே முடியாது" என்று சொல்லப்பட்ட பிரிவை எப்படி நீக்கினார்கள் என்று கேட்பீர்கள். இருந்த அரசியலமைப்பைத் திருத்தப் போகவில்லை. அதே நாடாளுமன்ற உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தை விட்டு வெளியே வந்து, கொழும்பில் நவரங்கஹல என்ற வேறொரு மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை என்ற பெயரில் கூடி, புத்தம் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டார்கள். இலங்கைத் தமிழர்களின் முக்கியக் கட்சியான தமிழரசுக் கட்சி முதலில் போய் உட்கார்ந்து பார்த்தது, மொழி பற்றிய கோரிக்கைகள் தோற்றதும் 1971இல் வெளியேறியது. புதிய அரசியலமைப்பில் சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம்.

அந்தச் சபைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய மக்கள் ஆதரவு இருந்தது? 1970 தேர்தல் கணக்கைப் பாருங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 38 சதவீத ஓட்டு, கிடைத்தது 17 இடம். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 37 சதவீத ஓட்டு, கிடைத்தது 91 இடம். அதன் இடதுசாரிக் கூட்டணிக் கட்சிகளையும் சேர்த்தால் 151க்கு 116, இந்தக் கூட்டணிதான் ஆட்சிக்கு வந்து அந்தச் சபையைக் கூட்டியது. தொகுதிக்கு ஒருவர் என்ற தேர்தல் முறை ஓட்டுப் பெரும்பான்மையை எப்படி ஊதிப் பெரிதாக்கும் என்பதற்கு இது ஒரு பாடம். அதிலும் அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற பாதுகாப்பை நம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரே சமூகம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிற நாட்டில் 67 சதவீதம் என்ற தடை, அந்தச் சமூகத்துக்குத் தடையே இல்லை.

29ஆம் பிரிவு பூட்டுதான், நல்ல பூட்டுதான். ஆனால் யாரை உள்ளே விடக் கூடாது என்று பூட்டினார்களோ அவர்கள் கையிலேயே சாவியும் இருந்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: எந்தப் பாதுகாப்பைப் பெரும்பான்மை தனியாக நின்று கழற்றிவிட முடியுமோ, அது பாதுகாப்பு ஆகாது. கழற்றுவதற்குச் சிறுபான்மையின் சம்மதமும் வேண்டும் என்ற நிலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பேச்சுவார்த்தையே தொடங்குகிறது.

அப்படிப்பட்ட ஏற்பாடு நடைமுறையில் உண்டா? உண்டு, ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த வட அயர்லாந்தில். அதன் முதல் பாதிக் கதை இலங்கைக் கதை மாதிரியே இருக்கும். 1921இல் அது உருவானபோது புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கத்தோலிக்கர் மீதி. மதத்தின் பேரில் யாருக்கும் சலுகையோ தடையோ தரும் சட்டம் செல்லாது என்று 29ஆம் பிரிவை ஒத்த ஒரு பிரிவு அங்கேயும் இருந்தது. இருந்தும் அரை நூற்றாண்டு புராட்டஸ்டண்டுகளின் ஒரே கட்சி ஆட்சி. டெரி நகரத்தில் கத்தோலிக்கர்தான் அதிகம், ஆனால் வட்டங்களைப் பிரித்த விதத்தில் அவர்களில் பெரும்பாலோர் தெற்கு வட்டத்துக்குள் அடைக்கப்பட்டு அங்கே 8 இடம் பெற்றார்கள், மற்ற இரு வட்டங்களின் 12 இடமும் எதிர்த்தரப்புக்குப் போயின. நகரசபைத் தேர்தலில் ஓட்டு வீடு வைத்திருப்பவருக்கும் அவர் துணைக்கும் மட்டும்தான், அதனால் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு நகரசபை வீடு ஒதுக்குவது என்றால் எதிரணிக்கு இரண்டு ஓட்டுக் கொடுப்பது என்று அர்த்தம். வீடு கிடைக்காதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1968 அக்டோபர் 5ஆம் தேதி டெரி ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. அதற்கப்புறம் முப்பது வருஷ மோதலில் 3,500 பேர் அளவில் செத்தார்கள்.

1998 ஏப்ரலில் வந்த பெரிய வெள்ளி உடன்படிக்கை இந்தச் சாவி விஷயத்தைத்தான் நேராகக் கையில் எடுத்தது. முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் இரு தரப்பிலிருந்து, சம அதிகாரத்தோடு. ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் இருக்க முடியாது. ஓட்டு விகிதத்துக்கு ஏற்றபடி இடம் கிடைக்கிற தேர்தல் முறை. அமைச்சர் பதவிகளும் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கிடப்படும், ஜெயித்தவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. முக்கியமான முடிவுகளுக்கு மொத்தப் பெரும்பான்மை மட்டும் போதாது, இரு சமூகப் பிரதிநிதிகளிடையேயும் போதிய ஆதரவு வேண்டும். 30 உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் எந்தத் தீர்மானத்தையும் இந்த இரட்டைச் சோதனைக்கு அனுப்பலாம் என்று இருந்தது, 2022இல் இந்த விதியை இறுக்கினார்கள்.

இதற்கு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2017 முதல் 2020 வரையும், மறுபடி 2022 முதல் 2024 வரையும் அங்கே அரசாங்கமே இயங்கவில்லை, ஒரு தரப்பு விலகினால் எல்லாம் நின்றுவிடும் என்பதால். 2015இல் ஒருபாலினத் திருமணத்துக்கு அவையில் பெரும்பான்மை கிடைத்தும், இந்த 30 கையெழுத்து அதிகாரத்தை வைத்துத் தடுத்துவிட்டார்கள். ஒரு சிறுபான்மையைக் காக்க வந்த ஆயுதம் இன்னொரு சிறுபான்மையின் மேல் திரும்பியது. எந்த விஷயத்துக்கு இந்தத் தடை அதிகாரம், எதற்கு இல்லை என்று முன்கூட்டியே கறாராக வரையறுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதமும் புராட்டஸ்டண்டுப் பின்னணி உள்ளவர்கள் 43.5 சதவீதமும் இருந்தார்கள். எண்ணிக்கை மாறிவிட்டது. ஒரு காலத்தில் சிறுபான்மைக்கென்று கேட்கப்பட்ட காப்பு, இப்போது பழைய பெரும்பான்மைக்கும் தேவைப்படுகிறது.

இந்தியாவிலும் இதை ஒத்த ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு, ஆட்சிமொழிச் சட்டம் 1967இல் திருத்தப்பட்டது. அதன்படி மத்திய அரசின் வேலைகளில் ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமானால், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் முதலில் அதற்குத் தீர்மானம் போட வேண்டும், அதற்கப்புறம்தான் நாடாளுமன்றம் முடிவெடுக்கலாம். தமிழ்நாடு ஒன்று மறுத்தாலே போதும். இந்தி பேசாதவர்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு தந்த வாய்மொழி உறுதியைவிட இது எவ்வளவோ உறுதியானது. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது: இது அரசியலமைப்பில் இல்லை, சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது, அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையாலேயே திருத்த முடியும். இதுவரை யாரும் திருத்தத் துணியாததற்குக் காரணம் 1965இன் நினைவும் தென்மாநிலங்களின் அரசியல் பலமும்.

தமிழர்களாகிய நாம் இதைப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டால் நேர்மையாக இருக்காது. எல்லையை மாற்றி வரைந்தால் சிறுபான்மையே பெரும்பான்மை ஆகிவிடும். இலங்கை முழுவதிலும் சிறுபான்மையான தமிழர் வடக்கில் பெரும்பான்மை, அந்த வடக்கில் முஸ்லிம்கள் சிறுபான்மை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள், யாழ்ப்பாண நகரில் சில மணி நேர அவகாசத்தில். தமிழரிடம் பறிக்கப்பட்டது உரிமை என்றால் அந்த முஸ்லிம்களிடம் பறிக்கப்பட்டதும் அதே உரிமைதான். ஒரு மாகாணத்துக்கு அதிகாரம் கொடுத்தால் மட்டும் போதாது, அந்த மாகாணத்துக்குள் இருக்கும் சிறுபான்மைக்கும் காப்பு எழுதப்பட வேண்டும்.

மாகாண அதிகாரம் என்றதும் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஞாபகம் வரும். 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்தது. தமிழும் ஆட்சிமொழி என்றது, மாகாண சபைகளை உருவாக்கியது. போலீஸ், காணி (நிலம்) அதிகாரங்கள் காகிதத்தில் மாகாணத்துக்கு என்று இருக்கின்றன, கொடுக்கப்படவில்லை. வட மாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013 செப்டம்பரில்தான் நடந்தது. அதன் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்கு முந்தைய வருஷமே கொழும்பு நாடாளுமன்றம் மாகாணத் தேர்தல் முறையை மாற்றிச் சட்டத்தைத் திருத்தியிருந்தது, புது முறைக்குத் தேவையான தொகுதி எல்லை அறிக்கையை 2018இல் அதே நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையில் தேர்தல் நடத்தச் சட்டம் இல்லை, புதிய முறையில் நடத்த எல்லைகள் இல்லை. சபையை யாரும் கலைக்கவில்லை, 13ஆம் திருத்தத்தை யாரும் நீக்கவுமில்லை. வருஷங்கள் ஓடின, ஜனாதிபதி நியமித்த ஆளுநர்கள் மாகாணத்தை நடத்தினார்கள்.